எச்.ஐ.வி. தடுப்பில் இளையோர்

ஒரு நோயின் தன்மையை அறிய மருத்துவரை அணுகலாம், நூல்களைப் படிக்கலாம். அந்நோயைப் பற்றி ஓர் ஊரார் என்ன நினைக்கின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர், எதைக் கேட்க நாணுகின்றனர் என்பவற்றை அறிய அவ்வூராரிடமே செல்ல வேண்டும். அவருள்ளும் இளையோர் தம் ஐயங்களை முதலில் தம் வயதை ஒத்தவரிடமே வெளியிடுவர். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டோர் இதனை உணர்ந்துகொள்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

எச்.ஐ.வி. என்பது உடலின் நோய் எதிர்ப்பாற்றலைச் சிறிது சிறிதாக அழிக்கும் வைரஸ் ஆகும். மருத்துவம் பெறாதபோது அத்தொற்று முற்றிப் பல நோய்கள் உடலைப் பற்றும் நிலையே எய்ட்ஸ் எனப்படுகிறது. எனவே, தொற்று உடையோர் அனைவரையும் எய்ட்ஸ் நோயாளிகள் என்று கூறுவது பிழை. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள குருதியை ஏற்றுதல், ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றவர் பயன்படுத்துதல், தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லுதல் ஆகிய வழிகளிலேயே இது பரவும். கைகுலுக்குவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, கொசு கடிப்பதாலோ பரவுவதில்லை. இந்தியாவில் 2004-ஆம் ஆண்டு முதல் இதற்கான கூட்டு மருந்துகளை அரசு இலவசமாக வழங்கி வருகிறது. மருந்தைத் தவறாமல் உட்கொள்வோர் மற்றவரைப் போலவே கல்வி கற்று, பணியாற்றி, நெடுநாள் வாழ்கின்றனர்.

இந்தியாவில் இத்தொற்று இருப்பதை முதன்முதலில் வெளிக்கொணர்ந்தவர் ஒரு மாணவி என்பது பலரும் அறியாத செய்தி. 1980-களின் நடுப்பகுதியில் எய்ட்ஸ் மேலைநாடுகளின் நோய் என்றும், இந்நாட்டிற்குள் அது வாராது என்றும் பலர் உறுதியாக நம்பினர். அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை பயின்ற செல்லப்பன் நிர்மலா, தம் ஆய்வேட்டிற்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய பேராசிரியரான சுனிதி சாலமன், எய்ட்ஸ் தொற்று உள்ளதா எனத் தேடிப் பார்க்குமாறு கூறினார். நிர்மலாவுக்கு அப்போது வயது 32; சிறு பிள்ளைகள் வீட்டில் இருந்தனர். முதலில் தயங்கிய அவர், கணவர் அளித்த ஊக்கத்தால் அப்பணியை ஏற்றார்.

பாலியல் தொழிலில் ஈடுபட்டமைக்காகக் காப்பு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் அவர் குருதி மாதிரிகளைப் பெற்றார். கையுறை இல்லை, வேறு பாதுகாப்புக் கருவிகளும் இல்லை. மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. அவற்றை வைப்பதற்கு வசதியின்றித் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே சில நாள் வைத்திருந்தார். சோதனை வசதி வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 1986-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நிர்மலாவும் அவருடைய கணவரும் இரவுத் தொடர்வண்டியில் மாதிரிகளுடன் காட்பாடிக்குச் சென்று, அங்கிருந்து ஆட்டோவில் வேலூரை அடைந்தனர். பேராசிரியர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாயின. அது தொற்றின் அடையாளம். அமெரிக்காவில் மீண்டும் சோதித்தபோதும் அம்முடிவு உறுதியாயிற்று. மாநிலச் சட்டப்பேரவையில் இச்செய்தி அறிவிக்கப்பட்டபோது நாடே அதிர்ந்தது. நம்ப மறுத்தோரும் உளர்.

நிர்மலாவின் உழைப்பு போற்றற்குரியது. அவ்வாய்வின் மற்றொரு பக்கத்தையும் மாணவர்கள் காண வேண்டும். குருதி கொடுத்த அப்பெண்களுக்கு, தங்களிடம் எந்த நோய் தேடப்படுகிறது என்பது கூறப்படவில்லை. கூறினாலும் எழுத்தறிவற்ற அவர்களுக்கு விளங்காது என்று அன்று கருதப்பட்டது. பின்னாளில் நிர்மலாவே இதனை வெளிப்படையாகக் கூறியுள்ளார். இது தனி ஒருவரின் குறை எனல் பொருந்தாது. அக்கால ஆய்வுமுறை அவ்வாறே இருந்தது. ஆய்வு செய்பவர் ஒருபுறம், ஆய்வுக்கு உள்ளாபவர் மறுபுறம் என இரு கரைகளாக நின்றனர். மறுகரையில் நிற்பவருக்குக் கேட்கும் உரிமை இல்லை.

அந்த உரிமை தானாக வரவில்லை. 1992-ஆம் ஆண்டு கொல்கத்தாவின் சோனாகாச்சிப் பகுதியில் பணியைத் தொடங்கிய மருத்துவர் ஸ்மரஜித் ஜானா, அங்கு வாழ்ந்த பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியும் ஊதியமும் அளித்து, மற்றவர்க்குக் கற்பிப்போராக ஆக்கினார். வெள்ளைச் சட்டை அணிந்து வெளியிலிருந்து வருபவரிடம் பேசாத பெண்கள், தம்முடன் ஒரே தெருவில் வாழ்பவரிடம் மனம் திறந்து பேசினர். நோயைக் காட்டிலும் வறுமையும் வன்முறையும் பிள்ளைகளின் கல்வியுமே அவர்களின் முதற்கவலைகள் என்பது அப்பேச்சின் வழியே தெரிந்தது. அக்கவலைகளுக்கும் இடம் தந்த பின்னரே நோய்த்தடுப்புச் செய்தி செவியில் ஏறியது. 1995-இல் அப்பெண்கள் தங்களுக்கெனத் தனி அமைப்பும் கண்டனர். தொற்று உடையோரும் அதற்கு ஆட்படக்கூடியோரும் முடிவுகள் எடுக்குமிடத்தில் இருக்க வேண்டும் என்னும் கொள்கையை 1994 டிசம்பர் 1 அன்று பாரிஸில் கூடிய நாடுகள் ஏற்றுக்கொண்டன.

இளையோரைப் பொறுத்தவரை இக்கொள்கை ஏட்டிலிருந்து நாட்டிற்கு வருவது இன்னும் கடினமாக உள்ளது. பெரியோர் இளையோரை அழைப்பது உண்டு; எதற்காக அழைக்கின்றனர் என்பதே வினா. சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக ரோஜர் ஹார்ட் என்னும் அறிஞர் 1992-இல் விளக்கினார். அவ்வேணியின் கீழ்ப்படிகள் மூன்றும் உண்மையான பங்கேற்பு ஆகா என்பது அவர் கருத்து. அவற்றுள் ஒன்றிற்கு அவர் ‘அலங்காரம்’ என்று பெயரிட்டார். ஆண்டுதோறும் டிசம்பர் முதல் நாளில் பதாகை ஏந்தி வெயிலில் நடக்கும் மாணவர் பேரணிகள் பல இப்படியைத் தாண்டுவதில்லை. பதாகையில் என்ன எழுதுவது என்று அம்மாணவரைக் கேட்டவர் எத்தனை பேர்?

பதாகைச் சொற்களும் தீங்கு செய்ததுண்டு. ‘உயிர்க்கொல்லி நோய்’ என்னும் தொடர் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களெங்கும் காணப்பட்டது. அச்சம் விழிப்புணர்வைத் தரும் என்று எண்ணி எழுதினர். அச்சமோ தொற்றுடையோரை வீட்டிலிருந்தும் வகுப்பறையிலிருந்தும் விலக்கி வைக்கத் துணைசெய்தது. 2000-களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்னும் விளம்பரம் வேறு வழியில் சென்றது. அது அச்சுறுத்தவில்லை, கேள்வி கேட்டது. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் மக்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினர்.

கேள்வியிலிருந்து தொடங்கும் முறைகளுள் எளியது ‘கேள்விப் பெட்டி’. கல்லூரிகளில் இயங்கும் செஞ்சுருள் சங்கங்களும் பள்ளிகளின் வளரிளம்பருவக் கல்வி வகுப்புகளும் இதனைப் பயன்படுத்துகின்றன. மாணவர் தம் ஐயத்தைப் பெயரின்றித் தாளில் எழுதிப் பெட்டியில் இடுவர். இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஐயம் உள்ளோர் மட்டும் எழுதலாம் என்றால் எழுந்து சென்றவர் யார் என்று அனைவரும் பார்ப்பர். அடுத்த நாள் பெட்டி வெறுமையாக இருக்கும். ஐயம் இல்லாதோரும் வெற்றுத்தாளையோ விருப்பமான உணவின் பெயரையோ எழுதி இட வேண்டும் என்றால் எவருக்கும் கூச்சம் இராது. அத்தாள்களை மாணவர் குழு ஒன்றே பிரித்து வகைப்படுத்தும்போது பெட்டி ஆய்வுக் கருவியாகிறது. எந்த ஐயம் மிகுதியாக எழுந்தது, பாடநூல் எதனைச் சொல்லாமல் விட்டது, எந்தத் தவறான செய்தி ஊரில் உலவுகிறது என்பன வெளிப்படும். கையெழுத்து அடையாளம் தெரியக்கூடும் என்பதால் தாள்களை வேறு வகுப்பு மாணவர் பிரிப்பது நன்று.

மற்றொரு முறை ஊர்ப்படம் வரைதல். இளையோர் தம் ஊரின் தெருக்களைத் தரையிலோ பெரிய தாளிலோ வரைந்து, தமக்கு அச்சமின்றிச் செல்லத்தக்க இடம் எது, செல்ல இயலாத இடம் எது எனக் குறிப்பர். அரசின் இலவசப் பரிசோதனை மையத்திற்குத் தமிழ்நாட்டில் ‘நம்பிக்கை மையம்’ என்பது பெயர். அழகிய பெயர்தான். ஆனால், அதன் வாயில் உறவினர் கடைக்கு எதிரே இருக்குமாயின் எந்த இளைஞர் அதற்குள் நுழைவார்? அலுவலகக் கோப்பில் மையம் இருக்கும். அதற்குச் செல்லும் வழி இராது. இத்தகைய செய்தியை வெளியூர் ஆய்வாளர் வினாத்தாளால் பெறுவது அரிது. அத்தெருவில் நாள்தோறும் நடப்பவர் ஒரு கோட்டால் காட்டிவிடுவர்.

தமிழகத்திற்கு வெளியே வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறொரு தடையும் உண்டு. உடலைப் பற்றிய சொற்களை அவர்கள் பள்ளியில் ஆங்கிலத்திலும் தோழரிடம் இந்தியிலும் கற்கின்றனர். தமிழில் வசைச்சொல் தெரியும். மதிப்பான சொல் தெரியாது. அதனால் வீட்டில் தாயிடமோ பாட்டியிடமோ இதைப் பற்றிப் பேச வாய் எழுவதில்லை. ‘நோய் எதிர்ப்பாற்றல்’, ‘தொற்று’, ‘ஒப்புதல்’, ‘வளரிளம்பருவம்’ முதலிய சொற்களை அறிவது தேர்வுக்கு மட்டும் பயன்படுவதன்று.

பெரியோரின் தயக்கமும் சிறிதன்று. 2005 அளவில் நாடு முழுவதும் கொண்டுவரப்பட்ட வளரிளம்பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் மகாராட்டிரம், கருநாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட சில மாநிலங்கள் நிறுத்தி வைத்தன. பாடப்பொருள் பண்பாட்டிற்கு ஒவ்வாதது என்பது கூறப்பட்ட காரணம். பாடப்பொருள் பின்னர்த் திருத்தப்பட்டது. அவ்விவாதத்தில் அமைச்சர், பெற்றோர், ஆசிரியர் குரல்கள் உரக்க ஒலித்தன. பாடத்தைப் படிக்க வேண்டியவரின் குரல் அரிதாகவே கேட்டது. இதற்கிடையே 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களுள் 21.6 விழுக்காட்டினரும் ஆண்களுள் 30.7 விழுக்காட்டினருமே எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவு பெற்றிருந்தனர்.

இளையோரை ஆய்வில் சேர்ப்பதற்குக் காப்பு நெறிகளும் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, 18 வயது நிரம்பாதோர் ஆய்வில் பங்குபெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளின் இசைவும் வேண்டும். 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவும் அதற்கு மேல் எழுத்து வடிவ இசைவும் பெறப்படும். வேண்டாம் என்று ஒரு சிறுவர் கூறிவிட்டால் அம்மறுப்பை மதிக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் எளிதில் தீர்வதன்று. எச்.ஐ.வி. தொடர்பான ஆய்வு என்று வீட்டில் சொன்னாலே ஐயப்பார்வை விழும் என அஞ்சும் பிள்ளை, பெற்றோரிடம் ஒப்புதல் கேட்கவே முன்வராது. பிள்ளைகளைக் காக்க வந்த விதி, பேசத் துடிக்கும் சிலரின் வாயை அடைத்தும் விடுகிறது. விதியை நீக்கினாலோ அறியாச் சிறுவரைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆய்வாளருக்குக் கதவு திறக்கும். அறநெறிக் குழுக்கள் இதனை ஒவ்வோர் ஆய்விலும் தனித்தனியே எடைபோட வேண்டியுள்ளது.

சட்டம் ஓரிடத்தில் இளையோர் மீது வியக்கத்தக்க நம்பிக்கை வைத்துள்ளது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், அறிந்து அளித்த ஒப்புதலின்றி எவரையும் சோதிக்கலாகாது என்கிறது. தொற்று உடையவர் என்பதற்காகப் பள்ளியில் இடம் மறுத்தல் உள்ளிட்ட பாகுபாட்டைத் தடைசெய்கிறது. அதே சட்டத்தில், தொற்றால் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் 12 வயது நிரம்பிய, போதிய முதிர்ச்சியுடைய பிள்ளை, தன் இளைய உடன்பிறந்தோருக்குக் காப்பாளராக இருந்து பள்ளிச் சேர்க்கை முதல் வங்கிக் கணக்கு வரை கையாளலாம் என்னும் பிரிவும் உள்ளது. தம்பியின் சேர்க்கைப் படிவத்தில், காப்பாளர் கையொப்பம் இடும் இடத்தில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பெயரை எழுதலாம்.

சிந்தித்து விடை எழுதுக

1. நிர்மலாவின் ஆய்வில் போற்றத்தக்கது எது? இன்றைய நெறிப்படி மாற்ற வேண்டியது எது?
2. கேள்விப் பெட்டியில் அனைவரும் தாள் இட வேண்டும் என்பதன் காரணம் யாது?
3. பெற்றோர் ஒப்புதல் விதியால் எழும் சிக்கலை உம் சொந்த நடையில் விளக்குக.
4. உம் பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் படம் வரைந்து, ஐயம் கேட்கத்தக்க இடங்களைக் குறிக்க.