தலையீத்துக் குட்டிகள்: முதல் பத்து நாள்



பன்றி வளர்ப்புக்குக் கடன் கேட்டு சில குழுக்களில் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். கூட்டத்தில் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தவணையை எதை வைத்துக் கட்டுவீங்க? "குட்டி வித்துக் கட்டிருவோம்" என்று உடனே பதில் வரும். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சினைக்காலம் 114 நாள், அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். பிறகு குட்டி பால் மறக்க 56 நாள். ஆக, சினை பிடித்ததிலிருந்து குட்டி விற்க ஏறக்குறைய ஆறு மாதம். இதைக் கடன் வாங்கும்போதே பேசித் தவணையை முடிவு செய்யுங்கள். வாங்கிய பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

சென்ற ஆண்டு நம் குழு அக்கா ஒருவரின் வெள்ளை யார்க்ஷயர் பன்றி தலையீத்தில் எட்டுக் குட்டி போட்டது. விடிவதற்குள் மூன்று குட்டி தாயின் அடியில் நசுங்கிவிட்டது. ஒன்று குளிரில் விறைத்துப்போனது. மீதி நாலு குட்டியை வைத்துத்தான் அந்தக் கடனைக் கட்டினார். நோய் வந்து ஒரு குட்டியும் சாகவில்லை. அன்று ராத்திரி பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் சினை சேர்த்த தேதியை நோட்டில் குறித்து வையுங்கள். நாள் நெருங்கும்போது பன்றி நிலைகொள்ளாமல் சுற்றும், வைக்கோலைக் கவ்விக் கவ்விப் போடும். காம்பைப் பிதுக்கினால் பால் வந்தால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும். அன்றைக்குக் களை எடுக்கப் போகாதீங்க.

கொட்டகைச் சுவரை ஒட்டி ஒரு தடுப்புக் கம்பு கட்டுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி அந்தச் சந்துக்குள் ஒதுங்கிக்கொள்ளும். மூங்கிலோ பழைய இரும்புக் குழாயோ போதும், செலவு ஒன்றும் பெரிதில்லை.

மூலையில் சாக்கும் வைக்கோலும் போட்டு, ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் குண்டு பல்பு தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. வைக்கோலில் படாமல் கட்ட வேண்டும். குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர் என்று பொருள். பல்பை விட்டு விலகி ஓடினால் சூடு அதிகம்.

குட்டி விழுந்ததும் மூக்கு, வாய் துடைத்து, தொப்புள் கொடியில் டிங்சர் அயோடின் வையுங்கள். தலையீத்துப் பன்றி சில சமயம் பயத்தில் குட்டியைக் கடிக்கும். அப்படிப் பார்த்தால் குட்டிகளைக் கூடையில் ஒதுக்கி, தாய் அடங்கியதும் விடுங்கள். ஆனால் ரொம்ப நேரம் வைக்கக் கூடாது. சீம்பால் எவ்வளவு சீக்கிரம் வயிற்றுக்குள் போகிறதோ அவ்வளவு நல்லது. முன்பக்கக் காம்புகளில் பால் அதிகம். நோஞ்சான் குட்டியை அங்கே பிடித்து விடுங்கள். இரண்டு மூன்று நாளில் ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

மூன்றாம் அல்லது நான்காம் நாள் இரும்புச்சத்து ஊசி. இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சிமெண்டுத் தரையில் பிறந்த குட்டிக்கு மண்ணும் கிடைக்காது. நம்ம பிள்ளைகளுக்கு ரத்தசோகை வருவது மாதிரியே குட்டியும் வெளிறி, மூச்சு வாங்கி, திடீரென்று செத்துவிடும். கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், எந்த அளவு, மறு ஊசி எப்போது என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். பன்றிக் காய்ச்சல் தடுப்பூசிக்கும் அப்போதே நாள் கேட்டு வரலாம்.

தாய்க்குத் தண்ணீர் குறையவே கூடாது. தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும். இரண்டு வாரம் ஆனதும், தாய் நுழையாத தடுப்புக்குள் குட்டிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனம் வையுங்கள்.

ஓட்டல் மிச்சத்தை அப்படியே கொட்டாதீர்கள். நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றித்தான் போட வேண்டும். 2020-ல் அசாமில் கண்டுபிடிக்கப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இறைச்சிக் கழிவு வழியாகவும் பரவும், அதற்கு மருந்து கிடையாது. பன்றிகளைத் தெருவில் அலையவிட்டாலும் நோய் தேடி வரும், பக்கத்து வீட்டுப் பேச்சும் சேர்ந்து வரும்.

குட்டி பால் மறந்த நாலு முதல் ஏழு நாளில் தாய் மறுபடி பருவத்துக்கு வரும். முதல் ஈத்தில் ரொம்ப மெலிந்திருந்தால் உடனே சேர்க்காதீர்கள். நல்ல தீவனம் கொடுத்து, 21 நாள் கழித்து வரும் அடுத்த பருவத்தில் சேருங்கள்.