மூலம் குறையாமல் பிரதி எழுதும் விந்தை

நம் தேகத்தில் உட்கருவுள்ள உயிரணு ஒவ்வொன்றிலும், தாய் தந்தையரிடமிருந்து பிதிரார்ஜிதமாக வந்த டி.என்.ஏ. பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. தசைக்கும் நரம்புக்கும் வேண்டிய புரதங்களை ஆக்கும் விதிகள் அதில் எழுதப்பட்டிருப்பினும், அப்புரதங்கள் உருவாவது உட்கருவுக்கு வெளியேயுள்ள ரைபோசோம்களில்தான். ஆகவே, மூலவர் கருவறையை விட்டு அகலாதிருக்க உற்சவ மூர்த்தி வீதிக்கு எழுந்தருளுவதைப் போல, டி.என்.ஏ. தன் ஸ்தானத்திலேயே நிலைத்திருக்க, அதன் பிரதியாகிய ஆர்.என்.ஏ. வெளியே செல்கிறது. இவ்வாறு செய்தி சுமக்கும் தூது ஆர்.என்.ஏ. உண்டு என்பதை 1961ஆம் ஆண்டில் ஸிட்னி பிரென்னர், பிரான்ஸுவா ஜாக்கப், மாத்யூ மெஸல்ஸன் ஆகியோர் பாக்டீரியாக்களைக் கொண்டு செய்த பரிசோதனைகள் நிலைநாட்டின.

பிரதி எழுதும் கடமை ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதியைச் சார்ந்தது. அது ஜீனின் தொடக்கத்தை உணர்த்தும் பகுதியில் துணைப் புரதங்களின் சகாயத்தோடு வந்தமர்ந்து, முறுக்குண்டு கிடக்கும் இரண்டு இழைகளையும் சிறிது தூரம் மட்டும் பிரித்து, அவற்றுள் ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, ஜி எழுத்துக்கு எதிரே சி, சிக்கு எதிரே ஜி, டிக்கு எதிரே ஏ, ஏக்கு எதிரே யு என்ற நியமப்படி எழுத்துகளைக் கோத்துக்கொண்டே முன்னேறுகிறது. அது கடந்துபோன இடத்தில் இழைகள் மறுபடியும் பின்னிக்கொள்வதால் மூலத்தில் ஓர் எழுத்தும் குறைவதில்லை. ஈஸ்ட் உயிரணுவிலுள்ள இந்நொதியின் அமைப்பை அணு அணுவாகத் தெளிவுபடுத்திய ரோஜர் கோர்ன்பெர்க், 2006இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

இவ்வேலைக்கு வேண்டிய பொறுமை அசாதாரணமானது. தசைகளுக்கு உறுதி தரும் டிஸ்ட்ரோஃபின் புரதத்தின் ஜீன் 20 லட்சம் எழுத்துகளுக்கு மேல் நீண்டிருப்பதால், அதை ஒருமுறை பிரதியெடுக்கச் சுமார் 16 மணி நேரம் ஆகிறது. அவ்வளவு பிரயாசையோடு எழுதப்பட்டதில் இடையிடையே உள்ள வேண்டாத பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சியவை ஒட்டப்பட்டு, ஏறத்தாழ 14,000 எழுத்துகள் கொண்ட தூது ஆர்.என்.ஏ.யே முடிவில் வெளியேறுகிறது. ஜீன்கள் இவ்வாறு துண்டு துண்டாக அமைந்திருப்பதை 1977இல் கண்டறிந்த பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரும் 1993இல் நோபல் பரிசு பெற்றனர்.

இந்த ஞானம் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. க்ஷயரோகத்துக்குக் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து, அந்நோய்க் கிருமியின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸைப் பற்றிக்கொண்டு, பிரதி இரண்டு மூன்று எழுத்துகளுக்கு மேல் நீளாதவாறு தடுத்துவிடுகிறது. புரதம் ஆக்க வழியின்றிக் கிருமி மடிகிறது. நம்முடைய பாலிமரேஸ் வேறு விதமாக அமைந்திருப்பதால் அம்மருந்துக்கு அகப்படுவதில்லை. ஆயினும் கிருமியின் அந்நொதிக்குரிய ஜீனில் ஓர் எழுத்து மாறினாலும் மருந்து பயனற்றுப் போகக்கூடும். அத்தகைய கிருமிகள் எஞ்சிப் பெருகுவதற்கு, மருந்தை இடையில் நிறுத்துவது இடம் கொடுத்துவிடுகிறது. ஆதலால், க்ஷயரோகத்துக்கு மருந்து உண்பவர்கள் உடல் தேறிவிட்டதாகத் தோன்றினாலும், வைத்தியர் விதித்த காலம் முழுவதும் அதைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும்.