விகுதிகளின் பயணம்

சொல்லின் இறுதியில் நிற்கும் உருபுகளும் விகுதிகளும் தனித்து இயங்குவதில்லை. பெயரையும் வினையையும் சார்ந்தே பொருள் தருகின்றன. எனினும், அவற்றுள் சில முன்னர்த் தனிச்சொற்களாக வழங்கியவை. சொல் உருபாவதும், உருபின் பொருள் தேய்வதும், தேய்ந்த இடத்தை மற்றொன்று நிரப்புவதும் மொழியில் இடையறாது நிகழ்கின்றன.

'இருந்து' என்பது 'இரு' என்னும் வினையடியாகப் பிறந்த எச்சம். 'பாட்டி திண்ணையில் இருந்து கதை சொன்னார்' என்னும்போது அமர்தல் பொருள் தெளிவாக உள்ளது. 'தொடர்வண்டி மதுரையிலிருந்து புறப்பட்டது' என்னும்போதோ அப்பொருள் மறைந்து, நீங்கல் பொருள் மட்டுமே எஞ்சுகிறது. வினைச்சொல் இங்கு ஐந்தாம் வேற்றுமைக்குரிய சொல்லுருபாகிவிட்டது.

பொருள் தேய்வுக்குப் பலர்பால் விகுதிகள் சிறந்த சான்றாகும். தொல்காப்பியர் காலத்தில் 'வந்தார்' என்பது பலரைக் குறிக்கும் வினைமுற்று. ஒருவரைப் பன்மையால் உயர்த்திக் கூறும் வழக்கு அன்றும் இருந்தது. ஆயினும், அஃது இலக்கண மரபன்று என்கிறார் அவர். காலப்போக்கில் அவ்வழக்கே பெருகியது. இன்று 'தலைமையாசிரியர் வந்தார்' என்றால் வந்தவர் ஒருவரே. மதிப்புப்பொருள் மிக, பன்மைப்பொருள் தேய்ந்தது.

அவ்வாறெனில், பலரை எவ்வாறு குறிப்பது? அக்குறையை நிறைவு செய்தது 'கள்' விகுதி. தொல்காப்பியத்தில் அஃறிணைப் பெயர்களுக்கு உரியதாகக் கூறப்பட்ட இவ்விகுதி, பின்னர் உயர்திணையிலும் பரவியது. திருக்குறளில் 'பூரியர்கள்', 'மற்றையவர்கள்' என்னும் சொற்கள் இடம்பெற்றுள்ளன. 'வந்தார்கள்', 'அவர்கள்' ஆகியவற்றில் 'ஆர்', 'அர்' ஆகியவற்றின் மேல் 'கள்' சேர்ந்து பன்மையை உறுதிப்படுத்துகிறது.

மாற்றம் அத்துடன் நிற்கவில்லை. 'முதலமைச்சர் அவர்கள்' என்னும்போது 'கள்' விகுதியும் ஒருவருக்குரிய மதிப்பைக் குறிக்கிறது. பேச்சுவழக்கில் 'அவங்க' என்பது ஒருவரையும் குறிக்கும். ஆதலால், பலரைச் சுட்ட 'அவங்க எல்லாரும்' என்று மற்றொரு சொல்லின் துணை வேண்டியதாயிற்று. முன்பு 'அர்' விகுதிக்கு நேர்ந்ததே இன்று 'கள்' விகுதிக்கும் நேர்கிறது.

இதனை மொழியின் சிதைவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. மதிப்பைப் புலப்படுத்த விரும்பிய மக்கள் பன்மை விகுதியைப் பயன்படுத்தினர். பன்மை மங்கியபோது அதற்கும் வழிகண்டனர். எனவே, பழைய நூல்களைப் பயில்வோர் ஒரு விகுதியின் இன்றைய பொருளை அன்றைய தொடரின்மேல் ஏற்றுதல் கூடாது. அவ்வாறு ஏற்றினால், பலர் செய்த செயலை ஒருவர் செய்ததாகப் பிழைபட உணர நேரும்.