லித்தியம் இருக்கச் சோடியம் எதற்கு?

பேட்டரியில் மின்னேற்றும்போது அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி எதிர்முனைக்குள் புகுந்துகொள்கின்றன; மின்சாரம் எடுக்கும்போது வந்த வழியே திரும்புகின்றன. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது முதல் இந்த வேலைக்கு லித்தியமே முதல் தேர்வு.

சிக்கல் அதன் விலை. சீனச் சந்தையில் 2022 இறுதியில் டன்னுக்கு ஏறத்தாழ 6 லட்சம் யுவானைத் தொட்ட லித்தியம் கார்பனேட், அடுத்த ஆண்டு இறுதியில் 1 லட்சத்தை ஒட்டி விழுந்தது. இப்படி ஆடும் மூலப்பொருளை நம்பி ஆலை போடுவது கடினம். சோடியமோ கறியுப்பிலேயே இருக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. லித்தியம் பேட்டரியைப் பிரித்தால் நேர்முனையில் மெல்லிய அலுமினியத் தகடும் எதிர்முனையில் செம்புத் தகடும் தெரியும். எதிர்முனையின் தாழ்ந்த மின்னழுத்தத்தில் லித்தியம் அலுமினியத்தோடு கலந்து அதைச் சிதைத்துவிடும் என்பதால்தான் அங்கே விலை கூடிய செம்பு. சோடியம் அப்படிக் கலப்பதில்லை. இருபுறமும் அலுமினியமே போதும்.

ஆனால் சோடியம் அணு லித்தியத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. லித்தியம் பேட்டரியின் எதிர்முனையில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் அது சரியாக நுழையாததால், அங்கே கடினக் கரி தேவைப்படுகிறது. ஒரே எடைக்குச் சேமிக்கும் ஆற்றலும் குறைவு. காருக்கு இது பெருங்குறை. பகல் வெயிலின் மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்துவைக்க, தரையில் நிற்கும் பேட்டரிக்கு எடை ஒரு பொருட்டே அல்ல. சோடியத்துக்கு உரிய இடம் அதுதான்.

லித்தியம் மலிவானதும் இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரியின் போட்டி கடுமையாகிவிட்டது. அமெரிக்காவில் சோடியம் பேட்டரி செய்துவந்த நேட்ரான் எனர்ஜி 2025-இல் மூடப்பட்டது; ஆனால் சீனாவின் சி.ஏ.டி.எல். அதே ஆண்டில் ‘நேக்ஸ்ட்ரா’ என்ற சோடியம் பேட்டரியை அறிமுகப்படுத்தியது.