எஞ்சின் புலி... ஸ்பிரிங் எலி!

அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரம். ஆகஸ்டு மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. உட்வர்டு அவென்யூ சாலையின் இரண்டு பக்கமும் ஜனங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தேர் பார்க்க வந்த கூட்டம் மாதிரி இருக்கும்.

வருவது தேர் அல்ல, கார்! அந்தக் காலத்துக் கார்கள் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக, குளிப்பாட்டிப் பொட்டு வைத்த மாட்டைப்போல மினுமினுவென்று ஊர்வலம் போகும். 1995-ல் தொடங்கிய விழா இது. கார் தொழிலின் தலைநகரை ஒட்டிக் கார்களுக்கே நடக்கும் திருவிழா.

கூட்டத்தைப் பார்த்ததும் யாராவது ஒருவருக்குக் கால் அரிக்கும். ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிப்பார். எஞ்சின் புலியாக உறுமும். வண்டி பாயப்போகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள்.

பாயாது! பின்பக்கம் "தட... தட... தட..." என்று குதிக்கும். கண்டு மிரண்ட கழுதை மாதிரி வண்டி நின்ற இடத்திலேயே துள்ளும்.

கூட்டம் சிரிக்கும். ஓட்டியவர் முகத்தில் ஈயாடாது.

ஆனால் இது சிரிக்கிற விஷயம் இல்லை. சக்கரம் தரையை விட்டு எழும்பினால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. இதே கோளாறு வேகமாகப் போகும்போது வளைவில் வந்தால் உயிருக்கே ஆபத்து!

காரணம் என்ன? எஞ்சின் புலி. கீழே இருக்கும் ஸ்பிரிங் எலி!

பிறவிக் கோளாறு

இந்தக் கார்களுக்கு அமெரிக்காவில் "மசில் கார்" என்று பெயர். தசை முறுக்கேறிய பயில்வான் கார் என்று வைத்துக்கொள்ளலாம்.

1964-ல் போன்டியாக் கம்பெனி "ஜி.டி.ஓ." என்ற பெயரில் ஒரு வேலை செய்தது. குடும்பத்தோடு போகும் நடுத்தரக் காருக்குள் 6.4 லிட்டர் பெரிய எஞ்சினைத் தூக்கி வைத்தது. 325 குதிரை சக்தி! வாலிபர்கள் மொய்த்துவிட்டார்கள்.

அதே ஆண்டு ஏப்ரல் 17-ந்தேதி போர்டு கம்பெனியின் "மஸ்டாங்" வந்தது. "விட்டேனா பார்" என்று செவ்ரலே கம்பெனி 1966 செப்டம்பரில் "கமாரோ"வை இறக்கியது. முதல் ஆண்டு மாடல் மட்டும் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் தயாரானது.

போட்டி எல்லாம் எஞ்சினில்தான். யாருக்குக் குதிரை சக்தி அதிகம் என்பதுதான் பேச்சு. கீழே இருந்த ஸ்பிரிங்கோ குடும்பக் காருக்கு ஏற்ற மெத்தென்ற ஸ்பிரிங்! மஸ்டாங்கே "பால்கன்" என்ற சிக்கனக் காரின் அடிப்பாகத்தை வைத்துச் செய்யப்பட்டதுதான்.

ஒற்றைப் பட்டை செய்த வினை

நம் ஊர் வில் வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கட்டை வண்டியில் போனால் இடுப்பு ஒடியும். வில் வண்டியில் போனால் தொட்டில் மாதிரி இருக்கும். அடியில் வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். பல காரின் பின்பக்கமும் அதே சங்கதிதான்.

1967 கமாரோவில் அந்த அடுக்கு இல்லை. பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டை! சாதாரண எஞ்சினுக்கு அது போதும். பெரிய எஞ்சின் இழுக்கும்போது என்ன ஆகும்? ஆக்சில் முறுக்கும். ஒற்றைப் பட்டை பாம்பு மாதிரி நெளியும். ஓரளவுக்கு மேல் தாங்காமல் பட்டென்று நிமிரும். திரும்ப நெளியும், திரும்ப நிமிரும். இதுதான் அந்தத் "தடதட".

கம்பெனியும் பார்த்தது. 1968-ல் ஷாக் அப்சார்பர் இரண்டையும் இடம் மாற்றியது. ஒன்றை ஆக்சிலுக்கு முன்னும், இன்னொன்றைப் பின்னும் வைத்தது. சக்தி அதிகமான வண்டிகளுக்குப் பல பட்டை அடுக்கிய ஸ்பிரிங் கொடுத்தது. துள்ளல் அடங்கியது.

"எதுக்கு ஓட்டப்போறே?"

அந்த 1967 வண்டிக்கு இன்று ஏறக்குறைய 60 வயது. அப்பா வாலிபத்தில் ஓட்டிய வண்டி மகன் கைக்கு வந்திருக்கும். விற்க மனசு வராது. ஓட்டவும் பயம்!

அப்படி ஒரு மகன் பட்டறைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, அப்பா வண்டி. முன்பக்கம் இறங்கிப்போச்சு. உள்ளதிலேயே நல்ல கெட்டியான ஸ்பிரிங்கா போட்டுடுங்க."

விவரம் தெரிந்த மெக்கானிக் ஸ்பானரை எடுக்கமாட்டார். ஒரு கேள்வி கேட்பார்.

"தம்பி, வண்டியை எதுக்கு ஓட்டப்போறே?"

எல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளோடு போவதற்கு என்றால், கம்பெனி கொடுத்த அதே அளவு ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டால் போதும். கூட நல்ல ஷாக் அப்சார்பர். அவ்வளவுதான்!

வளைவும் திருப்பமுமான சாலையில் விரட்டி ஓட்டுவதற்கு என்றால், கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் வேண்டும். வண்டி சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பியும் தடிமனாக வேண்டும்.

நேர்கோட்டில் கால் மைல் பந்தயம் என்றால் கதையே தலைகீழ். முன் ஸ்பிரிங் இளக்கமாக இருக்க வேண்டும். கிளம்பும்போது வண்டி மூக்கைத் தூக்கும், பாரம் பின் சக்கரத்தில் இறங்கும், பிடிப்பு கிடைக்கும்.

ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷம்! "உள்ளதிலேயே கெட்டி" என்று கேட்டு வாங்கிப் போட்டால், குண்டும் குழியுமான சாலையில் சக்கரம் தரையில் நிற்காது. பல் கிட்டிப்போகும். பிரேக் பிடிப்பும் குறையும்.

எடை போட்டுப் பார்!

அடுத்த கேள்வி: "உள்ளே என்ன எஞ்சின் இருக்கு?"

செவ்ரலேயின் பெரிய எஞ்சினுக்கும் சின்ன எஞ்சினுக்கும் எடையில் சுமார் 50 கிலோ வித்தியாசம். ஒரு ஆள் பானெட்டில் ஏறி உட்கார்ந்த மாதிரி! ஏ.சி. இருந்தால் இன்னும் கூடும். அதனால் கம்பெனியே வண்டிக்கு வண்டி வேறு வேறு ஸ்பிரிங் போட்டு அனுப்பியது.

வாங்கியபோது இருந்த எஞ்சின்தான் இன்றும் இருக்கிறதா? பலர் மாற்றியிருப்பார்கள். இரும்புத் தலையை எடுத்துவிட்டு அலுமினியத் தலை வைத்திருப்பார்கள். எடை குறைந்திருக்கும். பழைய கணக்கிலேயே ஸ்பிரிங் வாங்கினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

டெட்ராய்ட்டில் 1937-ல் தொடங்கிய ஈட்டன் டெட்ராய்ட் ஸ்பிரிங் கம்பெனி மாதிரி இடங்களில் பழைய கார்களின் அளவுப்படியே ஸ்பிரிங் செய்து தருகிறார்கள். என்ன வருஷம், என்ன மாடல், என்ன எஞ்சின், ஏ.சி. உண்டா என்று அத்தனையும் சொல்ல வேண்டும். ஜாதகம் கேட்கிற மாதிரிதான்!

மயக்கும் நம்பர்

ஒரு அங்குலம் அமுங்க எத்தனை பவுண்டு எடை வேண்டும் என்பதுதான் ஸ்பிரிங்கின் நம்பர். 300 என்றால் 300 பவுண்டு வைத்தால் ஒரு அங்குலம் இறங்கும்.

இந்த நம்பர் ஆளை ஏமாற்றும். சுருள் கம்பியின் தடிமனை நூற்றுக்குப் பத்து கூட்டினால் கெட்டி நூற்றுக்குப் பத்தா கூடும்? இல்லை. 46 கூடும்! கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. உட்கார்ந்து போகிறவர் முதுகுக்குத் தெரியும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஸ்பிரிங் சக்கரத்தின்மேல் உட்காருவதில்லை. நடுவில் ஒரு கை இருக்கிறது. அந்தக் கையின் சரிபாதியில் ஸ்பிரிங் இருந்தால், 600 பவுண்டு ஸ்பிரிங் சக்கரத்துக்கு 150 ஆகத்தான் தெரியும். கால் பங்கு!

மஸ்டாங்கில் ஸ்பிரிங் மேல் கையில் இருக்கிறது. கமாரோவில் கீழ்க் கையில் இருக்கிறது. டாட்ஜ், பிளைமவுத் கார்களில் முன்னால் சுருளே கிடையாது. முறுக்குக் கம்பிதான் வேலை செய்கிறது. "பக்கத்து வீட்டுக்காரன் 600 போட்டான், எனக்கும் 600" என்று கேட்பது, அடுத்தவன் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்கிற கதை.

வெட்டினால் வினை!

வண்டி தாழ்வாக நின்றால் அழகு என்று சிலருக்கு ஆசை. புது ஸ்பிரிங் வாங்கக் காசு இருக்காது. கேஸ் கட்டரை எடுத்து ஒரு சுற்றை வெட்டிவிடுவார்கள்.

நெருப்புப் பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். பிறகு ஒருநாள் ஒடியும். இரண்டு பக்கமும் சமமாக வெட்டாவிட்டால் வண்டி ஒருக்களித்து நிற்கும். வேலை செய்யும் பத்துச் சுற்றில் ஒன்றை வெட்டினால் மீதி ஸ்பிரிங் 11 சதவீதம் கெட்டியாகிவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது.

வீட்டு வாசலில் தானே கழற்றுகிறேன் என்று இறங்குவது அதைவிட ஆபத்து. அமுக்கி வைத்த முன் ஸ்பிரிங் பாய்ந்தால் பீரங்கிக் குண்டுதான். கை, கால் மட்டுமல்ல, உயிரே போய்விடும். சரியான கருவியும் பழகிய கையும் இல்லாமல் தொடக்கூடாது.

கூட்டுக் குடும்பம்

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அது கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகள்.

ஸ்பிரிங் பாரம் சுமக்கும். ஆட்டத்தை நிறுத்துவது ஷாக் அப்சார்பர். மட்கார்டை ஓங்கி அமுக்கிக் கையை எடுத்தால் வண்டி எழுந்து நிற்க வேண்டும். ஊஞ்சல் ஆடினால் ஷாக் காலி!

ரப்பர் புஷ் காய்ந்து போயிருந்தால் எந்த ஸ்பிரிங் போட்டும் பயன் இல்லை. புது புஷ்ஷை ஜாக்கியில் தொங்கும்போதே முடுக்கிவிடக்கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் உட்கார்ந்த பிறகு முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். இதைத் தவறவிட்டுவிட்டு, "புது ஸ்பிரிங் சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் பிரேக், டயர். அடுத்து பால் ஜாயிண்ட், புஷ். பிறகு ஷாக், ஸ்பிரிங். அதன்பின் குறுக்குக் கம்பி. கடைசியில் சக்கர அலைன்மெண்ட். இந்த வரிசையில் போனால் பாதி வழியிலேயே "போதும்" என்று பலர் நிறுத்திவிடலாம். காசு மிச்சம்!

புது மோகம்

ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த "காயில் ஓவர்" இப்போது பலருக்கு ஆசை காட்டுகிறது. திருகினால் வண்டி ஏறும், இறங்கும். நல்ல சாமான்தான். ஆனால் பழைய வண்டியில் ஷாக் மாட்டும் இடம் வண்டியின் பாரத்தைச் சுமக்கச் செய்யப்பட்டதல்ல. பலப்படுத்தாமல் மாட்டினால் தகடு விரிசல் விடும்.

காசைக் கொட்டினால்தான் முன்னேற்றம் என்பதும் இல்லை. 1965-ல் கரோல் ஷெல்பியின் ஆட்கள் மஸ்டாங்கைப் பந்தயக் குதிரையாக மாற்றியபோது செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று, முன்பக்க மேல் கை மாட்டும் துளையை ஒரு அங்குலம் கீழே இறக்கியதுதான். துளைப்போட ஒரு டிரில். அளவெடுக்க ஒரு தகடு. வளைவில் சக்கரம் தரையைக் கவ்விப் பிடித்தது. இன்றும் மஸ்டாங் வைத்திருப்பவர்கள் அதைச் செய்கிறார்கள்.

சத்தம் இல்லை

மகனுக்கு விஷயம் புரிகிறது. "ஞாயிற்றுக்கிழமை வண்டிதான் அண்ணே. பின் சீட்டில் என் பிள்ளைகள் வருவாங்க" என்கிறார்.

முன்னால் கம்பெனி அளவு ஸ்பிரிங். பின்னால் ஒற்றைப் பட்டைக்குப் பதில் பல பட்டை. நான்கு ஷாக், எல்லா புஷ், பிரேக். எஞ்சினில் கை வைக்கவே இல்லை.

மறுபடி உட்வர்டு அவென்யூ. சிக்னலில் பச்சை விழுகிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். பின்பக்கம் லேசாக அமர்ந்து, வண்டி அம்பு மாதிரி நேராகப் போகிறது.

கூட்டம் சிரிக்கவில்லை. உறுமல் எல்லாம் மேலே எஞ்சினில்தான்.

கீழே சத்தமே இல்லை. ஸ்பிரிங் சரியாக இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்!