மாட்டிடையன் குழம்பும் காஷ்மீர் மிளகாயும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று விடுதி நண்பர்கள் ஆறு பேருக்குக் குலாஷ் சமைத்துப் போட்டேன். ஒருவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. “கறிக்குழம்பு பரவாயில்லை, கொஞ்சம் கசக்கிறது” என்றார் மதுரை நண்பர். இரசாயனம் படிக்கும் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டுமா? பிழை எங்கே என்று தேடி மேலும் மூன்று ஞாயிறுகளைச் செலவிட்டேன். கண்டதைச் சொல்கிறேன்.

ஆசை பிறந்தது ஒரு ஹங்கேரியரைப் பற்றிப் படித்தபோது. சோமா கொரோஷி என்ற அறிஞர் 1834-இல் இந்நகரில் திபெத்திய-ஆங்கில அகராதியை வெளியிட்டார். ஏஷியாட்டிக் சொசைட்டியில் நூலகராக இருந்தார். 1842-இல் டார்ஜிலிங்கில் காலமானார். துறவிபோல் வாழ்ந்த அவர் இங்கே குலாஷ் கிண்டினார் என்று சொல்ல நான் துணியேன். அவர் நாட்டு உணவு எப்படி இருக்கும் என்ற நினைப்பு மட்டும் என்னை விடவில்லை.

எழுத்தில் ‘குலாஷ்’ என்றாலும் ஹங்கேரியர் வாயில் அது ‘குயாஷ்’ என்றே வரும். நம்மூரில் சிலருக்குப் பழம் ‘பய’மாவதுபோல. பொருள் மாட்டிடையன். புல்வெளிகளில் மந்தை மேய்த்தவர்கள் ‘பொக்ராச்’ என்ற கொப்பரையைத் தீயின்மேல் தொங்கவிட்டு, மாட்டிறைச்சியையும் வெங்காயத்தையும் வேகவைத்து உண்டார்கள். வெளிநாட்டு ஹோட்டல்களில் குலாஷ் என்ற பெயரில் வரும் கெட்டிக் குழம்பை அவர்கள் வேறு பெயரால் அழைப்பர். அவர்களுடைய குலாஷ் கரண்டியால் அள்ளிக் குடிக்கும் சூப்பு.

அதன் உயிர் பாப்ரிகா என்னும் மிளகாய்த் தூள். வேடிக்கை என்னவென்றால், மிளகாய் அமெரிக்கச் செடி. நமக்குப் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தனர். ஹங்கேரிக்கு அது துருக்கியர் ஆட்சிக் காலத்தில் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் இடையனின் கொப்பரையில் மிளகாயே கிடையாது. வந்த விருந்தாளியிடம் நாம் காரத்தைப் பிடித்துக்கொண்டோம். அவர்கள் நிறத்தையும் இனிப்பையும் பிடித்துக்கொண்டார்கள். காரம் தரும் காப்சைசின் பெரும்பாலும் இருப்பது விதை ஒட்டியிருக்கும் வெண்ணிற நரம்பில். சேகெட் நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டிலேயே அந்த நரம்பை நீக்கி அரைக்கக் கற்றுக்கொண்டனர். அதே நகரில்தான் சென்ட்-ஜியோர்ஜி 1930-களில் பாப்ரிகாவிலிருந்து வைட்டமின் ‘சி’யை ஏராளமாகப் பிரித்தெடுத்தார், 1937-இல் நோபல் பரிசு பெற்றார். இரவு உணவில் வைத்த பாப்ரிகாவைத் தின்ன மனமில்லாமல் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். விடுதிச் சாப்பாட்டைக் கண்டால் எனக்கும் அந்த எண்ணம் வருவதுண்டு; பரிசுதான் வரவில்லை.

நமக்குப் பாப்ரிகா எதற்கு? காஷ்மீர் மிளகாய் பன்னிரண்டு வாங்கி, கீறி, விதையையும் நரம்பையும் சுரண்டி எறிந்து அரையுங்கள். நிறம் அருமையாக வரும்.

முதல் பிழை இந்தத் தூளில்தான் நடந்தது. தாளிக்கும் பழக்கத்தில் கொதிக்கும் எண்ணெயில் கொட்டினேன். தூளில் சர்க்கரை உண்டு. நொடியில் கருகிக் கசக்கும். ஆனால் அதன் சிவப்பு நிறமி கொழுப்பில்தான் கரையும். எண்ணெயும் வேண்டும், தீயும் கூடாது. ஆகவே வெங்காயம் வதங்கியதும் சட்டியை இறக்கி, ஒரு நிமிஷம் பொறுத்துத் தூளைப் போட்டுக் கிளறி, உடனே ஒரு கரண்டி நீர் விடவேண்டும்.

இரண்டாவது பிழை மொழியால் வந்தது. குலாஷுக்குக் காரவே விதை வேண்டும். அது கறுப்புச் சீரகம் மாதிரி என்று யாரோ சொன்னதை நம்பி, கடையில் ‘காலோ ஜீரே’ என்றேன். வங்காளத்தில் அது நம் கருஞ்சீரகம். வேறு செடி, வேறு மணம், போதாததற்குக் கசப்பு. கேட்கவேண்டியது ‘ஷா ஜீரா’.

மூன்றாவது புளி. என் சொந்தச் சரக்காகச் சுண்டைக்காயளவு புளியைத் தொடக்கத்திலேயே கரைத்துவிட்டேன். உருளைக்கிழங்கு ஒரு மணி நேரம் கொதித்தும் கல்லாகவே கிடந்தது. அதன் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் கரையாது. புளியோ தக்காளியோ, கிழங்கு வெந்த பின்பே.

இனி முறை. அரைக் கிலோ ஆட்டுக்கறி. கடைக்காரர் ‘ரான்’ என்று தொடையை நீட்டுவார்; கழுத்தும் முன்காலும் கேளுங்கள். அங்கே தசைநார் அதிகம். மெல்லிய தீயில் அது இளகிச் சாற்றுக்குக் கொழகொழப்புத் தரும். வெங்காயம் 400 கிராம், குறைக்காதீர்கள். மாவு சேர்க்காமல் சாற்றுக்கு உடல் கொடுப்பது அதுவே. கடுகெண்ணெய் வாசனை பாப்ரிகாவை விழுங்கிவிடும். கடலெண்ணெயும் ஒரு கரண்டி நெய்யும் போதும். வெங்காயத்தைச் சிறு தீயில் இருபது நிமிஷம் வதக்கி, மேற்சொன்னபடி தூள் சேர்த்து, கறி, பூண்டு, தட்டிய ஷா ஜீரா, உப்பு, ஒரு லிட்டர் நீர் சேர்த்து ஒன்றரை மணி நேரம் மூடிவையுங்கள். பிறகு கிழங்கு 300 கிராம். ‘ஜோதி’யைவிடச் ‘சந்திரமுகி’ விலை கூடுதல், ருசியும் கூடுதல் (பேயல்ல, உருளைக்கிழங்குதான்!). கடைசியில் புளியும் சிட்டிகை மிளகுத்தூளும்.

சைவ நண்பர்கள் வருந்தவேண்டாம். இறைச்சியின்றிக் கிழங்கிலேயே செய்வதற்கு ஹங்கேரியரே ‘பொய்க் குலாஷ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

“மாடு ஆடாயிற்று, பாப்ரிகா காஷ்மீர் மிளகாயாயிற்று, புளி வேறு, அப்புறம் ஏனப்பா அந்தப் பெயர்?” என்று மதுரை நண்பர் மடக்கினார். ஆட்டுக்கு மாறியது, எங்களில் இருவர் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் என்பதால். ஒரே சட்டியில் எல்லாரும் உண்ணவேண்டும். மற்றபடி, மல்லித்தூள், சோம்பு, தேங்காய் இவற்றை நோக்கித் தானாக நீளும் கையைக் கட்டிப்போட்டேன். வெங்காயத்தின் எடையையும் மிளகாயின் பக்குவத்தையும் மாற்றவில்லை. அந்த மூன்றையும் மாற்றியிருந்தால் அவர் சொன்னது சரி, அது கறிக்குழம்பேதான்.

நாலாவது ஞாயிறு அவர் வாதத்தைத் தொடரவில்லை. கால் பவுண்டு ரொட்டியைப் பிய்த்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.