காந்தம் சொல்லும் செய்தி



இரும்பைக் காந்தம் ஈர்க்கும் என்பது சிறு குழந்தையும் அறிந்த உண்மை. அந்த எளிய உண்மை நாம் அன்றாடம் செல்லும் மகிழுந்தின் எஞ்சினுக்குள் எவ்வாறு பயன்படுகிறது, அதன் ஆற்றல் எங்கே முடிந்துவிடுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம். வளைகுடா நாடுகளில் வாழும் நமக்கு இது வெறும் பாடநூல் செய்தி அன்று. கோடையில் 45 பாகை செல்சியசைத் தாண்டும் வெயிலில், பாலைவன நெடுஞ்சாலையில் குடும்பத்துடன் செல்லும்போது எஞ்சின் பழுதாகி நின்றால், அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

எண்ணெயில் துகள்கள் சேர்வது எப்படி?

எஞ்சினுக்குள் உலோகத்தின்மேல் உலோகம் இடைவிடாது இயங்குகிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைக் குறைப்பது உயவு எண்ணெய், அதாவது எஞ்சின் ஆயில். இப்படலத்தின் தடிமன் பல இடங்களில் சில மைக்ரான்களே. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்கள் உள்ளன. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

எண்ணெய் எவ்வளவுதான் காத்தாலும் தேய்மானம் முற்றிலும் நிற்பதில்லை. சிலிண்டர் சுவர், கிராங்க் தண்டு, பற்சக்கரங்கள் ஆகியவற்றிலிருந்து நுண்ணிய இரும்புத் துகள்கள் உதிர்ந்து எண்ணெயில் கலக்கின்றன. 'ஆயில் ஃபில்டர்' எனப்படும் வடிகட்டி, பொதுவாக 20 முதல் 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை நன்கு பிடித்துவிடும். அதனினும் சிறியவை பல தப்பிச் சென்று, எண்ணெயோடு சுற்றிச் சுற்றி வந்து, மேலும் தேய்மானத்தை உண்டாக்குகின்றன.

இங்கேதான் காந்தம் உதவுகிறது. எஞ்சினின் அடியில் எண்ணெயை வடிப்பதற்கு ஒரு திருகு உண்டு. பணிமனைகளில் இதனை 'டிரெயின் பிளக்' என்பார்கள். இதன் முனையில் ஒரு காந்தத்தைப் பதித்துவிட்டால், அருகே வரும் இரும்புத் துகள்கள், மிகச் சிறியவையும்கூட, அதில் ஒட்டிக்கொள்ளும். தானியங்கி கியர்ப் பெட்டிகள் பலவற்றின் அடித்தட்டில் இத்தகைய காந்தங்களைத் தயாரிப்பாளர்களே வைத்து அனுப்புகிறார்கள்.

காந்தம் பிடிக்காதவை

சாதாரண வெப்பநிலையில் காந்தம் வலுவாக ஈர்க்கும் தனிமங்களுள் முதன்மையானவை இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகிய மூன்றே. எஞ்சினில் பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. பேரிங்குகளின் உட்பூச்சில் செம்பு, வெள்ளீயம், அலுமினியம் போன்றவை உள்ளன. இவற்றின் துகள்களைக் காந்தம் தீண்டுவதில்லை.

வளைகுடாவில் இதனினும் பெரிய பகை ஒன்று உண்டு. 'ஷமால்' எனப்படும் வடமேற்குக் காற்று வீசும்போது எழும் மணற்புழுதி அது. மணலின் முதன்மைப் பொருளாகிய சிலிக்கா எஃகையும் கீறவல்லது. மாணவர்களே, ஒரு காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் பையில் இட்டு, மணலில் இழுத்துப் பாருங்கள். சில கரிய மணிகள் ஒட்டக்கூடும். அவை இரும்புத்தாது கலந்தவை. ஏனைய மணல் முழுவதும் தரையிலேயே கிடக்கும். எஞ்சினுக்குள்ளும் இதுவே நிகழும். ஆகவே புழுதியைத் தடுக்கவேண்டியது காற்று வடிகட்டியே. அதனை உரிய காலத்தில் மாற்றாமல் காந்தத்தை மட்டும் நம்புவது, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுவது போன்றதாகும்.

வெப்பமும் ஒரு தடையே. ஓடும் எஞ்சினில் எண்ணெய் 100 பாகை செல்சியசை எட்டுவது இயல்பு. வலிமை மிக்க நியோடிமியக் காந்தங்களுள் சாதாரண வகைகள் 80 பாகைக்கு மேல் ஆற்றலை இழக்கத் தொடங்கும். எனவே உயர்வெப்பம் தாங்கும் வகையையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் கனிமத்திலும் இந்த நியோடிமியம் அடங்கியுள்ளது என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி.

பிடித்தால் மட்டும் போதாது

காந்தத்தின் முதன்மைப் பயன் எண்ணெயைத் தூய்மையாக்குவதில் இல்லை. எஞ்சினின் உடல்நிலையை அறிவிப்பதில்தான் உள்ளது. விமானத் துறையினர் இதனை நன்கு அறிவர். ஹெலிகாப்டரின் கியர்ப் பெட்டியில் பொருத்தப்படும் காந்தக் கருவியில் இரண்டு மின்முனைகள் இருக்கும். உதிர்ந்த உலோகத் துண்டு இரண்டையும் இணைத்தால், மின்சுற்று நிறைவடைந்து விமானியின் முன் எச்சரிக்கை விளக்கு எரியும்.

நம் வளைகுடாவில் உள்ளது போலவே ஐரோப்பாவின் வட கடலிலும் எண்ணெய்த் தளங்கள் உள்ளன; பணியாளர்கள் ஹெலிகாப்டரில் சென்று வருகிறார்கள். 2009 ஏப்ரல் 1 அன்று அவ்வாறு ஸ்காட்லாந்துக்குத் திரும்பிய சூப்பர் பூமா ஹெலிகாப்டர் ஒன்று கியர்ப் பெட்டி உடைந்து கடலில் விழுந்தது. அதிலிருந்த 16 பேரும் உயிரிழந்தனர். ஒரு வாரத்திற்கு முன்பே, மார்ச் 25 அன்று, காந்தக் கருவியில் ஓர் உலோகத் துகள் கிடைத்திருந்தது. அதன் பொருள் சரியாக உணரப்படவில்லை. அதே பெட்டியில், துகள்கள் கீழே பரவாதிருக்க வளையமாகக் காந்தங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவை துகள்களைப் பிடித்து வைத்துக்கொண்டால், எச்சரிக்கைக் கருவியை அடைபவை குறைந்துவிடும் என்பது விசாரணையில் தெளிவாயிற்று. விபத்துக்குப் பின் அந்த வளையக் காந்தங்களை அகற்றுமாறு ஆணையிடப்பட்டது. பார்வைக்கு எட்டாத இடத்தில் இருக்கும் காந்தம், செய்தியை மறைத்தும் விடலாம் என்பதற்கு இது துயரமான சான்று.

நாம் செய்ய வேண்டுவன

எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும், காந்தத் திருகைத் துடைக்கும் முன் நமக்குக் காட்டுமாறு பணிமனையில் கேட்க வேண்டும். கரிய மைபோன்ற நுண்பசை சிறிதளவு ஒட்டியிருந்தால் அஞ்சத் தேவையில்லை. புது வண்டியில் அது சற்று மிகுதியாகவே இருக்கும். விரலுக்குத் தட்டுப்படும் செதில்களோ, ஊசி போன்ற துண்டுகளோ, முந்தைய முறையைவிடத் திடீரென மிகுந்த பசையோ காணப்பட்டால், நெடும்பயணத்தைத் தள்ளிவைத்துத் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுவதே அறிவுடைமை. சூடான எண்ணெய் தோலைப் பொசுக்கும். ஆகவே குழந்தைகள் இப்பணியில் கைவைக்கலாகாது.

காந்தம் இருந்தால் எண்ணெயையே மாற்ற வேண்டாம் என்று யாரேனும் கூறி விற்க வந்தால் நம்பாதீர்கள். எண்ணெய் வெப்பத்தால் கெடுகிறது. அதில் சேர்க்கப்பட்ட காப்புப் பொருள்களும் தீர்ந்துபோகின்றன. இவற்றைக் காந்தத்தால் மீட்க இயலாது. வடித்தெடுத்த பழைய எண்ணெயை மணலில் ஊற்றாமல் பணிமனையிலேயே ஒப்படைப்பதும் நம் கடமை.

சில திர்ஹம் விலையுள்ள ஒரு திருகு, எஞ்சினுக்குள் நடப்பதை நமக்கு முன்கூட்டியே சொல்ல முற்படுகிறது. அதனை நின்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.